விளைவில் பங்கும் அழிவில் பங்கும் : வன்னிக் குளநிலங்களின் வழக்குப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மதவாச்சியிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் பெருவழியில் அமைந்துள்ள ஊர் செட்டிகுளம். வன்னியின் பல ஊர்களைப் போலவே அதன் பெயரிலும் குளமே முன்னிற்கின்றது. வற்றாத ஆறுகள் இல்லாத வரண்ட வலயத்தில், வடகீழ்ப் பருவக்காற்று ஐப்பசி முதல் தை வரை தரும் மழையைத் தேக்கி வைத்தே அங்கு நெல் விளைவிக்கப்பட்டது. மழை பொய்த்தால் குளம் பொய்க்கும். குளம் பொய்த்தால் வயல் பொய்க்கும். ஆகவே, விளைந்ததை எவ்வாறு பகிர்வது என்பதை மட்டுமன்றி, விளையாமற் போனதை எவ்வாறு பகிர்வது என்பதையும் அவ்வூர் மக்கள் சிந்திக்க வேண்டியவராயினர். இவ்விரண்டாவது வினாவுக்கு வெவ்வேறு காலங்களில் அளிக்கப்பட்ட விடைகளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வன்னிக் கிராமத்தின் அமைப்பைக் குளம், வயல், குடிமனை, காடு என்னும் நான்கினுள் அடக்கலாம். குளக்கட்டின் கீழே துருசிலிருந்து புறப்படும் வாய்க்கால் வயல்வெளிக்கு நீர் பாய்ச்சும். இவ்வயல்வெளியில் ஒருவருக்குரிய உரிமை ‘பங்கு’ எனப்பட்டது. பங்கு என்னும் சொல் நிலத்தை மட்டும் குறித்ததன்று. நீரில் ஒருவருக்குள்ள உரிமையையும், கட்டினைத் திருத்தல், வாய்க்கால் வெட்டுதல், வேலி அடைத்தல் ஆகியவற்றில் அவருக்குள்ள கடமையையும் அது ஒருங்கே குறித்தது. எத்துணைப் பங்கோ அத்துணை வேலை என்பதே வழக்கின் சாரம். 1895 இல் வெளிவந்த ஜே. பி. லூயிஸின் வன்னி மாவட்டங்கள் பற்றிய கைந்நூல் அக்கால வன்னியின் கமத்தொழிலையும் வழக்கங்களையும் அறிதற்கு இன்றும் பயன்படும் ஆவணமாகும்.

இவ்வமைப்பு வன்னித் தமிழருக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. செட்டிகுளத்துக்குத் தெற்கே, அனுராதபுர மாவட்டத்திலுள்ள புல் எளிய என்னும் சிங்களக் கிராமத்தில் மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954 இல் கள ஆய்வு நடத்தினார். அதன் பயனாக 1961 இல் வெளியிட்ட நூலில் அக்கிராமத்தின் நிலவுரிமையை அவர் விரிவாக விளக்கியுள்ளார். அங்கும் குளத்து வயல் பங்குகளாகவே பிரிந்திருந்தது. அப்பங்கினைக் குறிக்கச் சிங்களத்திலும் ‘பங்கு’ என்ற சொல்லே வழங்கிற்று. ஒரே மழையை நம்பி வாழ்ந்த இரு மொழியினரும் ஒரே சொல்லால் ஒரே முறையைக் கையாண்டமை குறிப்பிடத்தக்கது.

பங்குமுறையின் உட்பொருள் நீர் குறைந்த காலத்திலேயே தெளிவாக வெளிப்படும். குளத்தில் வயல் முழுவதற்கும் போதிய நீர் இல்லாத சிறுபோகத்தில், கட்டினை அடுத்துள்ள ஒரு பகுதியை மட்டும் விதைப்பதெனத் தீர்மானிப்பர். அப்பகுதி தனக்குரியது என்பதற்காக அதன் உரிமையாளர் முழுவதையும் விதைத்துக்கொள்ள இயலாது. தொலைவிலுள்ள வயலின் உரிமையாளர்க்கும் அவரவர் பங்களவுக்கேற்ப அந்நிலம் தற்காலிகமாகப் பிரித்து வழங்கப்படும். சிங்களத்தில் ‘பெத்ம’ எனப்படும் இவ்வழக்கம் வரண்ட வலயத்தில் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளது. நீர்ப்பஞ்சத்தின் சுமை வாய்க்காலின் கடைக்கோடியில் இருப்பவன் தலையில் மட்டும் விழாதவாறு அது தடுத்தது. விளைவில் பங்குடையவன் அழிவிலும் பங்குடையவன் என்னும் நெறி இங்கு நடைமுறையாகக் காட்சியளிக்கின்றது.

எனினும், இப்பழைய வழக்கினைப் பொற்காலமாகப் போற்றுதல் வரலாற்றுக்குப் பொருந்தாது. பங்கு பரம்பரையாக வந்தது. அதனைப் பெறாதவர்களும் ஊரில் இருந்தனர். அருவி வெட்டியவர்க்கும் சூடு மிதித்தவர்க்கும் களத்தில் நெல்லே கூலியாக அளக்கப்பட்டது. வண்ணார், அம்பட்டர், கொல்லர் முதலிய தொழிலாளர்க்கும் ஆண்டு முழுவதும் செய்த பணிக்கு அறுவடையின்போது நெல் கொடுக்கப்பட்டது. இவர்களும் ஒருவகையில் விளைவின் பங்காளரே. மழை பொய்த்த ஆண்டில் இவர்களது மரைக்காலும் குறைந்தது. ஆனால் நீரைப் பற்றியும் நிலத்தைப் பற்றியும் முடிவெடுக்கும் உரிமை இவர்களுக்கு இருக்கவில்லை. இழப்பில் பங்கிருந்தது, சொல்லில் பங்கிருக்கவில்லை.

ஊருக்கு வெளியிலிருந்து வந்த பங்காளி அரசு ஆகும். நெல்லில் பத்திலொன்றை வரியாகப் பெறும் முறை பிரித்தானியர் ஆட்சியிலும் தொடர்ந்தது. வரி அறவிடும் உரிமை குத்தகைக்காரருக்கு விற்கப்பட்டமையால் களத்தில் முறைகேடுகள் மலிந்தன. அத்தகைய கொடுமைகள் இருந்தபோதிலும், கொள்கையளவில் விளைவின் ஏற்றத்தாழ்வுக்கு ஏற்ப வரியும் கூடிக் குறைந்தது. 1878 ஆம் ஆண்டின் தானிய வரிச் சட்டம் இந்நிலையை மாற்றியது. குத்தகைக்காரரை நீக்கும் நோக்குடன், ஆண்டுதோறும் செலுத்தவேண்டிய பணத்தொகை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டது. நிர்வாகத்தை அது எளிதாக்கியது என்பது உண்மையே. ஆனால் பயிர் கருகிய ஆண்டிலும் வரி கருகவில்லை. செலுத்தத் தவறியோரின் நிலங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. நுவரெலியா, வலப்பனைப் பகுதிகளில் நிகழ்ந்த நில இழப்புக்களும் அவற்றால் விளைந்த துயரும் பெரும் கண்டனத்துக்கு உள்ளாயின. ஈற்றில் 1892 இல் ஆளுநர் ஹவ்லொக் காலத்தில் தானிய வரி ஒழிக்கப்பட்டது. பங்கு நிலையான தொகையாக மாறும்போது இழப்பு முழுவதும் உழுபவனையே சாரும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வினா நிலக்கிழாருக்கும் குத்தகைக் குடிக்கும் இடையே எழுந்தது. விளைவில் அரைவாசியை நிலவுடைமையாளர் பெறும் வழக்கம் நாட்டின் பல பாகங்களில் இருந்தது. விதைநெல்லும் எருதும் கடனாகப் பெற்ற குடிக்குக் களத்தில் எஞ்சியது மிகச் சிறிது. பிலிப் குணவர்த்தன அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் குத்தகையை வரையறுத்தது. ஏக்கருக்கு இத்தனை புசல் என்னும் அளவு, அல்லது விளைவின் நாலிலொன்று, இவ்விரண்டில் குறைந்ததே குத்தகையாதல் வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ‘குறைந்தது’ என்னும் அச்சொல்லிலே சட்டத்தின் நீதி அடங்கியுள்ளது எனலாம். பயிர் பழுதுற்ற ஆண்டில் உடைமையாளரும் இழப்பை ஏற்க வேண்டும் என்பதே அதன் பொருள். ஆயினும் சட்டத்துக்கு அஞ்சிய உடைமையாளர் பலர் குடிகளை வெளியேற்றினர் என்பதும் மறத்தற்கில்லை. பின்னர் 1961 இல் பயிர்க் காப்புறுதிச் சட்டம் வந்தது. ஊர் தாங்கிய இழப்பினை நாடு தாங்கும் முயற்சியாக அதனைக் கொள்ளலாம்.

இக்காலப்பகுதியிலேயே வெளிநாடுகளில் இதே வினா வேறொரு வடிவில் எழுந்தது. அங்கு விவசாயியின் எதிரே நின்றவர் நிலக்கிழார் அல்லர், நகரத்து நுகர்வோர். யப்பானில் கிருமிநாசினிகள் பற்றிய அச்சம் பரவிய வேளையில், 1971 இல் சேதன விவசாயச் சங்கம் தோன்றியது. நுகர்வோர் குழுக்கள் விவசாயியுடன் நேரடியாக உடன்பாடு செய்து, அவர் விளைவிப்பதை ஏற்றுக்கொள்ளும் ‘தெய்க்கெய்’ முறை அதனால் வளர்ச்சியுற்றது. 1978 இல் ஜெனீவாவில் அத்தகைய கூட்டுத் தோட்டம் ஒன்று அமைந்தது. 1986 இல் ஐக்கிய அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ், நியூ ஹாம்ப்சயர் மாநிலங்களில் இரு பண்ணைகள் இம்முறையைத் தொடங்கின. போகம் தொடங்குமுன் உறுப்பினர் தம் பங்குக்குரிய பணத்தைச் செலுத்துவர். போகம் முழுவதும் வாரந்தோறும் விளைபொருட் கூடை பெறுவர். விளைவு பெருகினால் கூடை நிறையும். பனியோ வெள்ளமோ பயிரை அழித்தால் கூடை குறையும், பணம் திரும்பாது. உண்பவர் உழுபவரின் இழப்பினை முன்கூட்டியே ஏற்றுக்கொள்வதே இத்திட்டத்தின் அடிப்படையாகும்.

மேலைநாட்டார் இதனைப் புதுமையாகக் கருதினும், இதன் உயிர்நிலை வன்னிக் குளத்தின் கீழ் வாழ்ந்தோருக்குப் புதியதன்று. ஆயினும் இரண்டும் ஒன்றெனக் கூறுதல் பொருந்தாது. வன்னியின் பங்கு பிறப்பினால் வந்தது; அதில் உடலுழைப்பும் கடமையாயிற்று. பண்ணைப் பங்கோ விருப்பத்தினால் வருவது. பணம் கொடுத்து எவரும் சேரலாம், அடுத்த போகத்தில் விலகலாம். முன்னையது உறுதியானது, ஆனால் பிறருக்குக் கதவடைத்தது. பின்னையது கதவு திறந்தது, ஆனால் முற்பணம் செலுத்த இயலாதவரை வெளியே நிறுத்துவது. பங்கில்லாதவர் யார் என்னும் கேள்வி இரண்டையும் நோக்கிக் கேட்கப்பட வேண்டியதாகும்.

இக்கேள்வி செட்டிகுளப் பகுதியில் ஏட்டளவில் நின்றதன்று. 1977 ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத் தமிழர் பலர் வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறினர். தலைமுறைகளாகத் தேயிலையில் உழைத்தும் நிலத்தில் பங்கு பெறாத அவர்களுக்குப் பழைய குளங்களின் கீழும் பரம்பரைப் பங்கு இருக்கவில்லை. போர்க்காலத்தில் வன்னியின் பழங்குடிகளும் தம் பங்குகளை விட்டு இடம்பெயர்ந்தனர். 2009 இல் போர் முடிவுற்றபோது செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் அடைக்கப்பட்டிருந்தனர். பண்ணை என்னும் பெயர் தாங்கிய அவ்விடத்தில், நெல் விளைவித்தவர்கள் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றனர். 2012 செப்டெம்பரில் அம்முகாம் மூடப்பட்டது. வெளியேறியோர் தேடிச் சென்றது காணியை மட்டுமன்று. கட்டினைச் சேர்ந்து திருத்தவும் நீரைச் சேர்ந்து பங்கிடவும் வேண்டிய அயலவரையுமாகும். நிவாரணம் பெறுபவன் பசியாறுவான். ஆனால் எதை விதைப்பது, எப்போது நீர் திறப்பது என்று அவனை எவரும் கேட்பதில்லை. பங்காளியையே கேட்பர்.

தொகுத்து நோக்குமிடத்து, ஊர் வழக்கு, அரச வரி, குத்தகைச் சட்டம், பண்ணைப் பங்கு என்னும் நான்கும் ஒரே அளவுகோலால் மதிப்பிடத்தக்கன. விளைந்த ஆண்டில் யார் எவ்வளவு பெற்றனர் என்பது அவ்வளவுகோலின் ஒரு பாதியே. விளையாத ஆண்டில் யார் எவ்வளவு இழந்தனர் என்பது அதன் மறுபாதி. அத்தகைய ஆண்டில் சிறுபோக நீரைப் பங்கிடக் கூடும் கூட்டத்தில், நிலமற்றவனுக்கும் புதிதாய்க் குடியேறியவனுக்கும் இடம் உண்டா என்பதையும் சேர்த்துக் கேட்பின், அளவுகோல் முழுமை பெறும்.