கண்ணிவாரும் மரக்கலம்

கணினிவழிக் கடற்போர் விளையாட்டுகளிற் பெரும்பீரங்கிக் கப்பல்களே மிகுதி. கண்ணிவாரும் மரக்கலத்தை விளையாட்டமைப்போர் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. கண்டியிலுள்ளோர்க்கு இஃது அயலார் செய்தியன்று. 1944 ஏப்ரல் முதல் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் பேராதனைப் பூந்தோட்டத்தில் இயங்கிற்று. அக்கட்டளையின்கீழ் 1945 மே மாதம் இரங்கூனை மீட்கச் சென்ற படைகளுக்கு ஆற்றுவழியைத் திறந்து கொடுத்தவை கண்ணிவாரிக் கப்பல்களே.

அவற்றை மரத்தாற் கட்டியது ஏன்? இரும்புடல் அணுகிய அளவிலே வெடிக்கும் காந்தக் கண்ணிகளை ஜெர்மனியர் 1939இற் கடலில் இட்டனர். மரவுடலோ அவற்றை எளிதில் தூண்டாது. அமெரிக்கர் கட்டிப் பிரித்தானியருக்கு அளித்த 136 அடி நீளக் கலங்கள் இவ்வகையின.

இத்தகைய கலமொன்றை விளையாட்டிற் சேர்த்தல் வேண்டும். அதன் சிறுபீரங்கியைக் கண்டு இளைஞர் நகைப்பர், நகைக்கட்டும். மூழ்கடித்த பகைக்கலங்களை எண்ணாது, பின்வந்து பிழைத்த கப்பல்களையே அதன் வெற்றிப் புள்ளிகளாகக் கொள்ளுதல் தகும்.