சர்வர் ரேக்கில் பவர் சப்ளை மாற்றுவது எப்படி? டெக்னிஷன்கள் அறிய வேண்டிய பாதுகாப்பு முறைகள்

ஜோகூரில் செம்பனைத் தோட்டமாக இருந்த கூலாய் யங் தோட்ட நிலத்தில் இன்று தரவு மையப் பூங்கா எழுந்து நிற்கிறது. சிங்கப்பூர் 2019ஆம் ஆண்டு புதிய தரவு மையங்களுக்கு அனுமதி வழங்குவதை நிறுத்தி வைத்ததைத் தொடர்ந்து கூலாய், செடெனாக், நூசாஜெயா வட்டாரங்களில் இந்தத் தொழில் வேகமாக வளர்ந்தது. தோட்டப்புறங்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் நம் இளைஞர்கள் பலர் இங்கு டெக்னிஷன் வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் கைக்கு அடிக்கடி வரும் வேலைகளில் ஒன்று, ரேக்கில் உள்ள சர்வரிலோ நெட்வொர்க் சுவிட்சிலோ பழுதான பவர் சப்ளையைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவது.

பார்ப்பதற்கு இது ஐந்து நிமிட வேலை. ஆனால் பழுதான பெட்டிக்குப் பதிலாக நல்ல பெட்டியை உருவிவிட்டால் ஒரு வங்கியின் சேவையோ மருத்துவமனையின் பதிவேடோ அந்த நொடியே நின்றுவிடும். பெட்டியின் மூடியைத் திறந்தால் உயிருக்கே ஆபத்து. எனவே வரிசை தவறாமல் செய்ய வேண்டிய வேலை இது.

பவர் சப்ளை செய்யும் வேலை

மலேசியாவில் சுவரிலிருந்து வருவது 230 வோல்ட் மாற்று மின்சாரம். சர்வருக்குள் இருக்கும் பாகங்களுக்குத் தேவை பெரும்பாலும் 12 வோல்ட் நேர் மின்சாரம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் பவர் சப்ளை. ரேக் கருவிகளில் இது நீண்ட செங்கல் போன்ற தனிப் பெட்டியாக, பின்புறம் உருவி எடுக்கும்படி இருக்கும். அதிலேயே சிறு காற்றாடி, கைப்பிடி, விடுவிக்கும் நெம்பு, ஒரு விளக்கு ஆகியவை இருக்கும்.

முக்கியக் கருவிகளில் இரண்டு பெட்டிகள் பொருத்தியிருப்பார்கள். ஒன்று ‘ஏ’ மின்தடத்திலிருந்தும் மற்றொன்று ‘பி’ மின்தடத்திலிருந்தும் மின்சாரம் பெறும். ஒன்று பழுதானால் மற்றது முழுச் சுமையையும் தாங்கும். அதனால்தான் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பழுதானதை மாற்ற முடிகிறது. இதைத் தொழிலில் ‘ஹாட் ஸ்வாப்’ என்பார்கள்.

எல்லாக் கருவியிலும் இப்படிச் செய்ய முடியாது. டெல் சர்வர்களில் ஓட்டத்திலேயே கழற்றக்கூடிய பாகத்தின் பிடி ஆரஞ்சு கலந்த செங்கல் நிறத்திலும், எச்பிஇ சர்வர்களில் அடர் சிவப்பிலும் இருக்கும். பிடி நீல நிறமாக இருந்தால் அதை ஓட்டத்தில் கழற்றலாம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த மாடலின் கையேட்டைப் பார்த்த பிறகே தொட வேண்டும்.

பழுது பெட்டியில்தானா?

விளக்கு மஞ்சளாக மின்னினாலோ அணைந்திருந்தாலோ பெட்டி செத்துவிட்டது என்று உடனே முடிவு கட்டக் கூடாது. மின்சாரமே வராவிட்டாலும் அதே விளக்குதான் அணையும். முதலில் ஒயர் இரு முனையிலும் இறுக்கமாக இருக்கிறதா, ரேக்கின் மின்பகிர்வுப் பட்டையில் பிரேக்கர் விழுந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்த பெட்டிகளும் அதே பக்கத்தில் அணைந்திருந்தால் பழுது பெட்டியில் இல்லை, மின்தடத்தில் உள்ளது. பிறகு நல்ல நிலையில் உள்ள வேறு ஒயரைப் பழுதான பெட்டியில் மட்டும் மாட்டிப் பார்க்கலாம். நல்ல பெட்டியின் ஒயரைச் சோதனைக்காகக் கழற்றவே கூடாது.

விழுந்த பிரேக்கரைக் காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் தூக்கிவிடுவதும் ஆபத்து. ஒரு முறை விழுந்தாலே மின்சாரப் பொறுப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

சர்வரின் நிர்வாக மென்பொருளும் எந்தப் பெட்டியில் என்ன கோளாறு என்று சொல்லும். டெல் சர்வரில் ஐடிராக், எச்பிஇ சர்வரில் ஐஎல்ஓ என்று அதற்குப் பெயர். அதில் காட்டும் எண்ணும், கருவியின் பின்புறம் அச்சிடப்பட்ட எண்ணும், விளக்கு காட்டும் நிலையும் ஒன்றாக இருந்தால் மட்டுமே அடுத்த படிக்குப் போகலாம்.

சுமைக் கணக்கு

ஒரு பெட்டி முற்றிலும் செத்திருந்தால் மற்றது ஏற்கெனவே முழுச் சுமையையும் சுமந்துகொண்டிருக்கிறது. ஆனால் காற்றாடி சத்தம் போடுகிறது, எச்சரிக்கை வருகிறது என்பதற்காக இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை மாற்றும்போது கணக்குப் பார்க்காமல் உருவக் கூடாது.

எடுத்துக்காட்டாக, ஒரு சர்வரில் 800 வாட் பெட்டிகள் இரண்டு உள்ளன. சர்வர் எடுக்கும் மின்சாரம் 600 வாட் என்றால் ஒவ்வொன்றும் 300 வாட் சுமக்கிறது. ஒன்றை எடுத்தாலும் மற்றது தாங்கும். அதே சர்வர் 950 வாட் எடுத்தால் ஒவ்வொன்றும் 475 வாட் சுமக்கும். இரண்டிலும் பச்சை விளக்குதான் எரியும். ஆனால் ஒன்றை உருவினால் மீதமுள்ள 800 வாட் பெட்டியால் 950 வாட் தாங்க முடியாது. சர்வர் வேகம் குறையும் அல்லது அப்படியே அணைந்துவிடும். இத்தகைய நிலையில் வேலைச் சுமையைக் குறைத்த பிறகோ கருவியை முறைப்படி நிறுத்திய பிறகோதான் மாற்ற வேண்டும்.

மின்பகிர்வுப் பட்டைக்கும் இதே விதிதான். ‘ஏ’ பக்கம் போனால் அதன் சுமை முழுவதும் ‘பி’ பக்கம் வந்து விழும். எனவே ஒவ்வொரு பட்டையும் சாதாரண நாளில் தன் கொள்ளளவில் பாதிக்குக் கீழேயே ஓட வேண்டும்.

புதிய பெட்டி பொருந்துமா?

துளைக்குள் நுழைந்துவிட்டால் பொருந்திவிட்டது என்று பொருளல்ல. நான்கு விவரங்களை ஒப்பிட வேண்டும்.

பாக எண்: பழையதும் புதியதும் ஒன்றாகவோ, தயாரிப்பாளர் மாற்றாக ஏற்றதாகவோ இருக்க வேண்டும்.

வாட் அளவு: ஒரே கருவியில் இரு வேறு அளவுகளைக் கலக்கக் கூடாது. டெல் சர்வரில் பொருந்தாத பெட்டியை ஓட்டத்தில் செருகினால் அதன் பச்சை விளக்கு ஐந்து முறை வேகமாக மின்னி அணைந்துவிடும். அது பழுதல்ல, பொருத்தமில்லை என்ற அறிவிப்பு.

மின்சார வகை: மாற்று மின்சாரப் பெட்டியும் தொலைத்தொடர்பு நிலையங்களில் பயன்படும் 48 வோல்ட் நேர் மின்சாரப் பெட்டியும் ஒன்றுக்கு ஒன்று மாற்றல்ல.

காற்று செல்லும் திசை: நெட்வொர்க் சுவிட்சுகளில் இது பலரும் தவறவிடும் விவரம். சில பெட்டிகள் காற்றை உள்ளே இழுக்கும். சில வெளியே தள்ளும். சிஸ்கோ நெக்சஸ் வகையில் நீலப் பிடியும் கருஞ்சிவப்புப் பிடியும் எதிரெதிர்த் திசையைக் குறிக்கும். கருவியின் காற்றாடி ஒரு பக்கமும் பவர் சப்ளை மறுபக்கமும் ஊதினால் சூடு ஏறிக் கருவி நின்றுவிடும்.

தொடங்கும் முன்

வேலைக்கான எழுத்து அனுமதியும் நேரமும் உறுதியாக இருக்க வேண்டும். மாற்றும் நேரத்தில் மற்ற பெட்டியும் போகலாம் என்பதால் தரவின் நகல் எடுக்கப்பட்டுள்ளதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

மோதிரம், உலோகக் கைக்கடிகாரம், செம்புக் காப்பு, தொங்கும் சங்கிலி ஆகியவற்றைக் கழற்றி வைக்க வேண்டும். கழுத்தில் தொங்கும் வேலை அட்டையின் நாடாவும் சட்டைக்குள் போக வேண்டும். கை ஈரமாக இருக்கக் கூடாது. ரேக்கின் பின்புறம் வெளிச்சம் குறைவு என்பதால் கைவிளக்கு தேவை.

புதிய பெட்டியை முதலில் பையிலிருந்து எடுத்துப் பார்த்து, பின்கள் வளையாமல் இருப்பதை உறுதி செய்த பிறகே பழையதைக் கழற்ற வேண்டும். பழையதை எடுத்துவிட்டுப் புதியதைத் தேடிப் போனால் அந்த ஓட்டை வழியாகக் காற்று தப்பி, உள்ளே குளிர்ச்சி குறையும். பையிலிருந்து எடுக்கும் முன் ரேக்கின் வெறும் உலோகத்தைத் தொட்டால் உடலில் தேங்கிய நிலைமின்சாரம் இறங்கிவிடும்.

மாற்றும் படிகள்

1. நிர்வாக மென்பொருள் வழியாகக் கருவியின் அடையாள விளக்கை எரிய விட வேண்டும். ஒரே மாதிரியான இருபது சர்வர்களில் சரியானதைக் கண்டுபிடிக்க இதுவே வழி. பின்புறம் போனதும் இடமும் வலமும் மாறித் தோன்றும். எனவே பெட்டி எண்ணைப் படித்தே முடிவு செய்ய வேண்டும்.

2. உடன் இருப்பவர் ரேக் எண், கருவி எண், பெட்டி எண் மூன்றையும் உரக்கப் படிக்க, வேலை செய்பவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும்.

3. மற்ற பெட்டியில் நிலையான பச்சை விளக்கு எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரியவில்லை என்றால் வேலையை அங்கேயே நிறுத்த வேண்டும்.

4. பழுதான பெட்டியின் ஒயரைப் பிடித்திருக்கும் பட்டையை அவிழ்த்து, பிளக்கைப் பிடித்து உருவ வேண்டும். ஒயரை இழுக்கக் கூடாது. ஒயரைக் கழற்றாமல் பெட்டியை எடுக்கக் கூடாது.

5. நெம்பை அழுத்தியபடி கைப்பிடியைப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். மறு கை பெட்டியின் அடியைத் தாங்க வேண்டும். பெட்டி சூடாக இருக்கும். பக்கத்துப் பெட்டியின் ஒயரில் முழங்கை படாமல் கவனிக்க வேண்டும்.

6. காலியான துளைக்குள் கையையோ ஸ்குரூ டிரைவரையோ விடக் கூடாது. உள்ளே இருக்கும் இணைப்பில் மற்ற பெட்டி தரும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 12 வோல்ட் குறைவுதான். ஆனால் பல பத்து ஆம்பியர் ஓடும் அந்த இடத்தில் உலோகம் பட்டால் தீப்பொறி பறக்கும், தோல் வெந்துவிடும்.

7. புதிய பெட்டியை ஒயர் இல்லாமலே செருக வேண்டும். ‘கிளிக்’ சத்தம் வரும் வரை நேராகத் தள்ள வேண்டும். தடங்கினால் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். அடித்து நுழைக்கக் கூடாது. நெம்பை அழுத்தாமல் மெதுவாக இழுத்துப் பார்த்தால் பூட்டியிருப்பது தெரியும்.

8. அதன் பிறகே ஒயரை மாட்ட வேண்டும். பழைய மின்தடத்திலேயே மாட்ட வேண்டும். இரு பெட்டிகளும் ஒரே பக்கத்தில் மாட்டப்பட்டால் இரண்டு இருந்தும் பயனில்லை.

9. கருவி புதிய பெட்டியை அடையாளம் காணச் சில விநாடிகள் ஆகும். டெல் கையேடு 15 விநாடி காத்திருக்கச் சொல்கிறது. பச்சை விளக்கு நிலையாக எரிந்ததும், மென்பொருளில் இரட்டைப் பாதுகாப்பு திரும்பிவிட்டதா என்று பார்த்து, ஒயர் பட்டையைக் கட்டி, வரிசை எண்ணைப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

ஒரே பெட்டி உள்ள கருவி

பள்ளி, கூட்டுறவுச் சங்கம், சிறு கிளினிக் ஆகியவற்றில் இருக்கும் கருவிகளில் பெரும்பாலும் ஒரே பவர் சப்ளைதான். அங்கு ஹாட் ஸ்வாப் பேச்சுக்கே இடமில்லை. கருவியை முறைப்படி நிறுத்தி, ஒயரைக் கழற்றி, சர்வரின் மின்பொத்தானை ஒரு முறை அழுத்தி, தேங்கிய மின்சாரம் இறங்கக் கையேடு சொல்லும் நேரம் காத்திருந்த பிறகே பெட்டியைத் தொட வேண்டும். யூபிஎஸ் இருந்தால் சுவர் சுவிட்சை அணைத்தும் மின்சாரம் வந்துகொண்டே இருக்கும் என்பதை மறக்கக் கூடாது.

தொடக் கூடாத வேலைகள்

பவர் சப்ளையின் மூடியை எந்த நிலையிலும் திறக்கக் கூடாது. உள்ளே கெப்பாசிட்டர்களில் ஏறக்குறைய 400 வோல்ட் நேர் மின்சாரம் தேங்கி நிற்கும். ஒயரைக் கழற்றிய பிறகும் அது சில நேரம் இருக்கும். காற்றாடியை மட்டும் மாற்றிச் செலவை மிச்சம் பிடிக்கலாம் என்ற எண்ணம் உயிரோடு விளையாடுவது.

48 வோல்ட் இணைப்பு, மின்பகிர்வுப் பட்டையின் நேரடி இணைப்பு, யூபிஎஸ் பேட்டரி ஆகியவை வேறு வகை வேலை. மின்கம்பி வேலைகளை எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற தகுதியாளர்தான் செய்ய வேண்டும். பிரேக்கரை அணைத்துப் பூட்டுப் போட்டு, எச்சரிக்கை அட்டை மாட்டி, மீட்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதி செய்த பிறகே அங்கு கை வைக்கப்படும். நிலக்கம்பியை முதலில் மாட்டி, கடைசியில் கழற்றுவது அதில் மாறாத விதி.

விபத்து நேர்ந்தால்

ஒருவரை மின்சாரம் தாக்கினால் அவரைத் தொடக் கூடாது. முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும். பிறகு 999 எண்ணை அழைக்க வேண்டும். மூச்சு இல்லை என்றால் உதவி வரும் வரை நெஞ்சழுத்த முதலுதவி செய்ய வேண்டும். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் தோன்றலாம்.

கருகிய வாடையோ புகையோ வந்தால் அந்தப் பக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது. கரியமில வாயு தீயணைப்பானே ஏற்றது. தரவு மையங்களில் வாயுவால் தீயை அணைக்கும் ஏற்பாடு உண்டு. அதன் எச்சரிக்கை ஒலி கேட்டதும் கருவிப்பையை அங்கேயே விட்டு வெளியேற வேண்டும்.

தொழிலாளியின் உரிமை

இரவு ஷிப்டில், தனி ஆளாக, பழக்கமில்லாத கருவியில் வேலை செய்யச் சொல்லும்போது ஒப்பந்தத் தொழிலாளிகள் பலர் மறுக்கத் தயங்குவர். 2024ஆம் ஆண்டு ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள, 1994ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் திருத்தம் இதில் துணை நிற்கிறது. உடனடி ஆபத்து இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்காவிட்டால், தொழிலாளி அந்த இடத்திலிருந்தோ வேலையிலிருந்தோ விலகிக்கொள்ள 26ஏ பிரிவு உரிமை தருகிறது. அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது. ஆபத்து எது என்பதை மேலாளருக்கு வாட்ஸ்ஆப் செய்தியாகவாவது எழுத்தில் தெரிவித்து வைப்பது நல்லது. வேலையில் காயம் ஏற்பட்டால் அன்றே தெரிவித்து, மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்தினால் பெர்கேசோ கோரிக்கைக்கு அது ஆதாரமாகும்.

பழைய பெட்டி

கழற்றிய பெட்டிக்கு ‘பழுது’ என்று உடனே சீட்டு ஒட்ட வேண்டும். இல்லையென்றால் அதுவே நாளை உதிரிப் பாகமாக மீண்டும் ரேக்கில் ஏறும். உத்தரவாதக் காலம் முடியாவிட்டால் தயாரிப்பாளருக்குத் திருப்பி அனுப்பலாம். முடிந்திருந்தால் பழைய இரும்புக்காரரிடம் போடக் கூடாது. நிறுவனங்களின் மின்னணுக் கழிவு எஸ்டபிள்யூ110 என்ற குறியீட்டின் கீழ் திட்டமிடப்பட்ட கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்ற நிலையத்துக்குத்தான் அது போக வேண்டும். செம்புக்காக வீட்டில் உடைத்தாலும் எரித்தாலும் ஈயப் புகையும் தேங்கிய மின்சாரமும் அங்குள்ள குழந்தைகளைத்தான் முதலில் பாதிக்கும்.