பழைய மாருதி 800 வெச்சிருக்கீங்களா? கார்புரேட்டரைக் கவனிங்க!
ஓசூர் பக்கம் ஜவளகிரி காட்டு ரோடு, யானை நடமாடும் இடம். இருட்டிய பிறகு அங்கே கார் இழுத்து இழுத்து நின்றால், பானெட்டைத் திறக்கக்கூட இறங்க முடியாது பாஸ்!

1983-ல் வந்த மாருதி 800-க்கு 2000 வாக்கில்தான் எம்பிஎஃப்ஐ வந்தது. அதற்கு முந்தைய வண்டி என்றால் முதலில் பார்க்க வேண்டியது கார்புரேட்டர். இப்போது பங்கில் ஊற்றுவது 20% எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். மாதக்கணக்கில் ஓட்டாமல் போட்டால், ஃப்ளோட் சேம்பரில் தேங்கிய பெட்ரோல் பிசினாகி ஜெட்டை அடைக்கும்.

கழற்றிச் சுத்தம் செய்ய கார்ப் கிளீனர் ஸ்ப்ரேயும் காற்றும் போதும். சில மெக்கானிக்குகள் ஜெட்டில் கம்பி விட்டுக் குத்துவார்கள். விடவே விடாதீங்க! துளை பெரிதானால் மைலேஜ் காலி. கேஸ்கெட், நீடில் வால்வு, ஓ-ரிங் எல்லாம் எத்தனால் தாங்கும் கிட்டாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள். ஐடிலிங் ட்யூனிங், இன்ஜின் நன்றாகச் சூடான பிறகுதான்.