விதைக்குத்தான் முதல் மரியாதை

பூசணியில மனுஷன் முதல்ல சாப்பிட்டது சதையையா, விதையையா? விதையைத்தான்னு ஆய்வாளர்கள் சொல்றாங்க மக்களே!

மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் கிலா நாகிட்ஸ்னு ஒரு குகை. 1966ல் கென்ட் ஃப்ளானரி அங்கே அகழாய்வு செய்தார். அதில் கிடைத்த பூசணி விதைகளுக்கு வயசு சுமார் 10,000 வருஷம்னு 1997ல் ப்ரூஸ் ஸ்மித் காட்டினார். மக்காச்சோளத்துக்கும் முந்தி!

காட்டுப் பூசணியோட சதை ஒரே கசப்பு, குகர்பிட்டசின் உபயம். விதையைக் கழுவிட்டா திங்கலாம். இனிப்புச் சதையெல்லாம் பல தலைமுறை சாகுபடிக்கு அப்புறம் வந்தது.

அவங்க தேர்வு சரிதான். 100 கிராம் பருப்புல சுமார் 30 கிராம் புரதம், 500 மில்லிகிராமுக்கு மேல மக்னீசியம், கூடவே துத்தநாகம்.

கடல் தாண்டி நம்மூருக்கு வந்ததுக்கு 'பரங்கி'ங்கிற பேரே சாட்சி. நாம சதையைக் கூட்டு வெச்சோம், விதையைக் குப்பையில போட்டோம். இப்போ அதையே பாக்கெட்ல காசு குடுத்து வாங்குறதைப் பாத்தா எனக்குச் சிரிப்புத்தான் வருது :-)

அடுத்த தடவை பரங்கிக்காய் நறுக்குறப்போ விதையை அலசி, காயவெச்சு, வறுத்துப் பாருங்க.