ஒரே இடம், இரண்டு போட்டோ.. பனி உருகுவதை நிரூபிப்பது எப்படி?

எலும்பும் தோலுமாக தள்ளாடும் ஒரு பனிக்கரடி. 2017-ல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் எடுத்த அந்த வீடியோவை பார்த்து உலகமே பதறியது. 'காலநிலை மாற்றம் இப்படித்தான் இருக்கும்' என்று அதற்கு வாசகம் போட்டது நேஷனல் ஜியோகிராபிக். ஆனா அடுத்த வருஷமே, அது கொஞ்சம் ஓவர்தான் என்று ஒப்புக்கொண்டது. அந்தக் கரடி மெலிந்தது நோயாலா, காயத்தாலா, யாருக்கும் தெரியாது.

ஒரு படம் மனசை உலுக்கும். மாற்றம் தெரியணும்னா, முன்பு எப்படி இருந்தது என்பதும் வேண்டும். அதனால்தான் பழைய போட்டோ எடுத்த அதே இடத்தில், அதே கோணத்தில் நின்று மறுபடியும் எடுக்கிறார்கள்.

எவரெஸ்ட்டின் வடக்குப் பக்கம் உள்ள ரோங்புக் பனியாற்றை 1921-ல் படம் எடுத்தார் மலையேற்ற வீரர் ஜார்ஜ் மல்லோரி. 2007-ல் அமெரிக்காவின் டேவிட் பிரஷியர்ஸ் அதே இடத்தை தேடிப்பிடித்து ஏறினார். மல்லோரி படத்தில் பள்ளத்தாக்கை நிறைத்து நின்ற பனி, புதிய படத்தில் வெகுவாக இறங்கி, கல்லும் மண்ணுமாக கிடக்கிறது.

இதிலும் ஏமாற்றலாம். குளிர்காலப் படத்தையும் கோடைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் போதும், பனி 'காணாமல்' போய்விடும்! வாட்ஸ்அப்பில் இப்படி ஜோடிப் படம் வந்தால், வருஷத்தோடு மாதத்தையும் பாருங்க.

ஜேம்ஸ் பாலோக் இதற்கு வேறு வழி பிடித்தார். 2007 முதல் கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, அலாஸ்காவில் கேமராக்களை பாறைகளில் பொருத்தினார். பகல் வெளிச்சத்தில் அவை தானாகவே கிளிக் செய்துகொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் சேர்ந்த அந்தப் படங்களை ஓடவிட்டால், பனியாறு பின்வாங்குவது கண்ணெதிரே தெரியும். 2012-ல் வந்த 'சேஸிங் ஐஸ்' ஆவணப்படத்தில் அதை பார்க்கலாம்.