சைக்கிளை விட்டு இறங்காமல்

ஒருவழியாக 'ஃப்ரீடம் க்ரை' விளையாடி முடிச்சாச்சு. முடிக்கும்போது இரவு மணி இரண்டு. ஸ்ரீ கெம்பாங்கானில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்குமாடியில் மற்ற எல்லாரும் தூங்கிவிட்டார்கள். கடைசிக் காட்சி ஓடி பெயர்கள் திரையில் ஏறிக்கொண்டிருந்தன. எனக்குத் தாத்தாவின் சைக்கிள் ஞாபகம் வந்தது. அது ஏன் வந்தது என்று யோசித்ததில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை.

தெரியாதவர்களுக்காகச் சின்ன அறிமுகம். 'அசாசின்ஸ் க்ரீட்' வரிசையில் கடற்கொள்ளையர்களைப் பற்றிய 'பிளாக் ஃப்ளாக்' 2013ல் வந்தது. அதன் கடல் சண்டைகளில் நம் பக்கத்து ஊரான சிங்கப்பூரின் யூபிசாஃப்ட் கிளைக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த விளையாட்டின் பின்னிணைப்பாக அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்ததுதான் 'ஃப்ரீடம் க்ரை'. மறு ஆண்டு தனியாகவும் விற்றார்கள். முழு விளையாட்டில் நாயகனுக்குத் துணையாக நிற்கும் அடெவாலே என்ற கறுப்பர் இதில் நாயகன். டிரினிடாட்டில் அடிமையாகப் பிறந்து, தப்பித்து, கப்பலேறியவர். 1735ல் புயலில் சிக்கி செயின்ட் டொமிங்கு தீவில் கரை ஒதுங்குகிறார். இன்றைய ஹைத்தி அது. அன்றைக்கு பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டம். வந்த வேலையைப் பார்த்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அவரும் நினைக்கிறார். ஆனால் கண் முன்னால் மனிதர்களை ஏலம் விடுகிறார்கள். கிளம்ப முடியவில்லை.

வரலாறு என்று பார்த்தால் இதில் கலப்படம் உண்டு. கதை நடக்கும் போர்ட் ஓ பிரின்ஸ் நகரம் முறையாக நிறுவப்பட்டதே 1749ல்தான். விளையாட்டோ 1735லேயே அங்கே கடைத்தெருவைக் கட்டி நம்மை ஓடவிடுகிறது. ஆனால் வில்லனாக வரும் ஆளுநர் ட ஃபயே உண்மையில் இருந்தவர். அடிமைகளை அசையும் சொத்தாகவே வகைப்படுத்திய 1685ஆம் ஆண்டு 'கறுப்புச் சட்டம்' உண்மை. காட்டுக்குள் தப்பி ஓடி அங்கிருந்து தாக்கிய மரூன்களும் உண்மை. அந்தத் தீவில்தான் 1791ல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். பிரெஞ்சுப் படையையே தோற்கடித்து 1804 ஜனவரி 1ஆம் தேதி தனி நாடானார்கள். விளையாட்டு அதுவரைக்கும் போவதில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்னாலேயே நின்றுவிடுகிறது. எனக்கு அது பிடித்திருந்தது. வெற்றி எப்போது வரும் என்று தெரியாத காலத்தில் ஒருத்தன் என்ன செய்வான் என்பதுதான் அதன் கேள்வி.

இதன் பலம் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, கரும்புத் தோட்டங்கள். இந்த வரிசையின் மற்ற விளையாட்டுகளில் மறைந்து போவது நம் வசதிக்காக. மாட்டிக்கொண்டால் கத்தியை உருவிச் சண்டை போட்டுக்கொள்ளலாம். இங்கே அப்படி இல்லை. தோட்டத்தில் உங்களை மேற்பார்வையாளர்கள் பார்த்துவிட்டால் அவர்கள் உங்களை மட்டும் தாக்குவதில்லை, அடிமைகளை வெட்ட ஆரம்பிக்கிறார்கள். என் அவசரத்தால் இன்னொருத்தர் சாகிறார். முதல் தோட்டத்தில் நான் வழக்கம்போலத் தடாலடியாக இறங்கி, பாதிப் பேரைச் சாகவிட்டேன். பொறியாளன் புத்தியோடு பார்த்தால் இது ஒரே ஒரு விதி, சில வரி நிரல். ஆனால் அந்த ஒரு விதி, வீரம் என்றால் என்ன என்பதையே மாற்றிவிடுகிறது.

இரண்டாவது, அடிமைக் கப்பல். ஒரு கப்பலை மீட்கப் போகிறோம். அதைக் கொடுக்க மனமில்லாத பிரெஞ்சுக்காரர்கள் சொந்தக் கப்பலையே சுட்டு மூழ்கடிக்கிறார்கள். அடெவாலே அடித்தளத்துக்குள் இறங்குகிறார். கப்பல் சாய்கிறது, தண்ணீர் ஏறுகிறது, இரு பக்கமும் சங்கிலியில் மனிதர்கள். பொத்தானை எவ்வளவு வேகமாக அமுக்கினாலும் சிலரைத்தான் விடுவிக்க முடியும். மூன்று முறை மறுபடி விளையாடிப் பார்த்தேன். என்னைவிடத் திறமையான ஆள் விளையாடினாலும் மற்றவர்கள் மூழ்கத்தான் செய்வார்கள். நம் திறமையை மட்டுமே நம்பச் சொல்லித்தரும் ஒரு கலைவடிவம், இந்த இடத்தில் திறமைக்கு வேலையில்லை என்கிறது. புத்தகத்தில் படித்தால் வருத்தப்பட்டிருப்பேன். இங்கே கை நடுங்கியது.

பலவீனமும் சொல்லத்தான் வேண்டும். விடுவித்த ஆட்களின் எண்ணிக்கை திரையில் ஏறிக்கொண்டே போகும். இத்தனை பேரை விடுவித்தால் புதுக் கத்தி, இத்தனை பேருக்குப் பெரிய பை. மனிதர்களைச் சரக்காக எண்ணியதை எதிர்க்கும் கதை, அதே மனிதர்களை நாணயமாக எண்ணுகிறது. பத்தாவது மணி நேரத்தில் நான் அவர்கள் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டு, எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது விளையாட்டின் குற்றமா என் குற்றமா என்று தெரியவில்லை.

சரி, தாத்தாவின் சைக்கிளுக்கு வருகிறேன்.

தாத்தா கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். பால்மரம் போய் செம்பனை வந்து, அதுவும் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகும் அதே வட்டாரத்தில்தான் இருந்தார். பள்ளி விடுமுறைக்குப் போனால் என்னைப் பின்னால் உட்கார வைத்துக் கடைக்கு ஓட்டிப் போவார். பழைய தோட்ட ஆபீஸ் இருந்த இடம் வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கிவிடுவார். நாலைந்து கஜம் தள்ளிக்கொண்டு நடப்பார், மறுபடி ஏறுவார். அங்கே ஆபீஸும் இல்லை, துரையும் இல்லை. ஒரு கார் பட்டறை இருந்தது. "ஏன் தாத்தா எறங்குறீங்க?" என்று கேட்டால், "ரோடு சரியில்லைய்யா" என்பார். ரோடு நன்றாகத்தான் இருந்தது.

பல வருடம் கழித்து, பல்கலைக்கழக நூலகத்தில் 1941ஆம் ஆண்டு கிள்ளான் வேலைநிறுத்தம் பற்றிப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. போரால் ரப்பருக்கு நல்ல கிராக்கி. ஆனால் தமிழ்த் தொழிலாளியின் நாள் சம்பளம் ஐம்பது காசு சுற்றுவட்டத்திலேயே நின்றது. சீனத் தொழிலாளிக்கு அதைவிடக் கூடுதல். ஆர்.எச். நாதன் என்ற பத்திரிகையாளர் முன்னின்று கிள்ளான் வட்டாரத் தொழிலாளர்களைச் சங்கமாகத் திரட்டினார். அவர்களுடைய கோரிக்கைகளில் சம்பளம் மட்டும் இல்லை. பிள்ளைகளுக்கு முறையான கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துதல், சங்கம் வைக்கும் உரிமை. அந்தப் பட்டியலில் ஒரு வரி: வெள்ளைக்கார மேலாளருக்கும் ஆசிய ஊழியர்களுக்கும் முன்னால் சைக்கிளை விட்டு இறங்காமல் போக அனுமதி.

நூலகத்திலேயே புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். 1941ல் தாத்தாவுக்கு எட்டு வயசு இருக்கும். அவருடைய அப்பா இறங்குவதைப் பார்த்திருப்பார். உடம்பு அதைக் கற்றுக்கொண்டது. அறுபது வருஷம் கழித்தும் மறக்கவில்லை.

மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள், பிறகு நாடு கடத்தினார்கள். அவர் கைதானதும் வேலைநிறுத்தம் அடங்கவில்லை, சிலாங்கூரின் மற்ற தோட்டங்களுக்கும் பரவியது. அவசரநிலை அறிவித்து, ராணுவத்தைக் கூப்பிட்டுச் சுட்டார்கள். ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். அந்த டிசம்பரிலேயே ஜப்பான்காரன் வந்துவிட்டான். அதற்குப் பிறகு வந்த சயாம் மரண ரயிலின் துயரத்துக்கு அடியில் இது புதைந்துபோனது.

இரண்டையும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. அடிமை முறை வேறு, கங்காணி முறை வேறு. மலாயாவில் ஒப்பந்தக் கூலி முறை 1910லேயே முடிவுக்கு வந்துவிட்டது. நம் பாட்டன்களை யாரும் ஏலம் விடவில்லை. இன்னொரு வித்தியாசமும் உண்டு. விளையாட்டில் எதிரியைச் சீருடையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். தோட்டத்தில் சைக்கிளை விட்டு இறங்க வேண்டியது துரைக்கு மட்டுமல்ல. கிராணிக்கும்தான். அந்தக் கிராணி பெரும்பாலும் மலையாளியாகவோ யாழ்ப்பாணத் தமிழராகவோ இருந்தார். கோரிக்கையிலேயே 'ஆசிய ஊழியர்கள்' என்று எழுதியிருப்பது அதனால்தான். நம் ஆட்கள் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம், அல்லது மறப்பதுபோல நடிக்கிறோம்.

கிள்ளானை யாராவது விளையாட்டாக எடுத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். எடுக்க முடியாது என்றுதான் தோன்றுகிறது. அதிரடி விளையாட்டுக்குத் தெரிந்ததெல்லாம் செய்வது. வெட்டு, குதி, சுடு. வேலைநிறுத்தம் என்பது செய்யாமல் இருப்பது. விடியற்காலைப் பெரட்டுக்கு மணி அடிக்கும், லயத்தை விட்டு யாரும் வெளியே வர மாட்டார்கள். அதற்கு எந்தப் பொத்தான்? அதோடு, விளையாட்டுக்கு ஒரு நாயகன் தேவை. கிள்ளானில் தலைவரை உள்ளே வைத்த பிறகுதான் கூட்டம் பெரிதானது. பெயர் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் அதன் நாயகர்கள். ஆனால் அந்தத் தோட்ட விதியை நினைத்துப் பாருங்கள். நான் அவசரப்பட்டால் இன்னொருவர் அடி வாங்குவார் என்ற கணக்கு, லயத்தில் பட்டினியோடு உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரும் போட்ட கணக்குதான். 'ஃப்ரீடம் க்ரை' அதை என் விரலுக்குப் புரிய வைத்தது. அதனால்தான் அந்த இரவில் சைக்கிள் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

என் சன்னலிலிருந்து பார்த்தால் புக்கிட் ஜாலில் பக்கம் விளக்குகள் தெரியும். 1998 காமன்வெல்த் போட்டி நடந்த அரங்கம் அந்தப் பக்கம்தான். அந்த வட்டாரமும் ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம்தான். நான் இருக்கும் ஊரே அவசரகாலத்தில் சீனக் குடியேறிகளை வேலிக்குள் கொண்டுவந்து அடைத்த புதுக்கிராமமாக ஆரம்பித்தது. இங்கே தோண்டினால் எல்லா இடத்திலும் கதை இருக்கிறது. ஹைத்தியின் 1735 எனக்குத் தெரு தெருவாகத் தெரிகிறது. கிள்ளானின் 1941 ஒரு பட்டியலாகவும், தாத்தா தள்ளிக்கொண்டு நடந்த நாலைந்து கஜமாகவும் மட்டும்தான் தெரிகிறது.

தாத்தா இருந்திருந்தால் அந்தக் கோரிக்கையை வாசித்துக் காட்டியிருப்பேன். "ரோடு சரியில்லைய்யா" என்றுதான் மறுபடியும் சொல்லியிருப்பார்.