உப்புத்தண்ணியும் பேட்டரியும்: 200 வருஷத்துப் பங்காளிச் சண்டை

வேம்பார்ல ஒரு இரும்புப் பூட்டு எத்தனை நாள் தாங்கும்னு அந்த ஊர்க்காரங்க யாரையாவது கேட்டுப் பாருங்க. சிரிப்பாங்க. முத்துக்குளித்துறையின் பழைய துறைகளில் வடக்கு ஓரத்து ஊர் அது. கிழக்கே மன்னார் வளைகுடா, அக்கம்பக்கத்துல உப்பளம். துருப்பிடிக்காத சாமான்னா அங்கே பனைமரமும் கருப்பட்டியும்தான் :-) அந்த உப்புக்காத்துல இருக்கிற லேப்டாப்புல தண்ணியும் பட்டுட்டா என்ன ஆகும்? பெரும்பாலும் முதல்ல வர்ற புகார், "சார்ஜ் ஏறல".

இதுல ஒரு வேடிக்கை பாருங்க மக்களே. உலகத்தோட முதல் பேட்டரியே உப்புத்தண்ணியாலதான் ஓடிச்சு! 1800-ல இத்தாலிக்காரர் வோல்டா துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவுல உப்புத்தண்ணியில நனைச்ச அட்டை என்று மாத்தி மாத்தி அடுக்கினார். மின்சாரம் வந்துச்சு. உப்புத்தண்ணி காஞ்சா பேட்டரி செத்துப்போகும். அதாவது தண்ணி படலைன்னாதான் அப்ப ரிப்பேர்.

ரெண்டு வேற வேற உலோகம், நடுவுல உப்புத்தண்ணி இருந்தா அது பேட்டரிதான். நாம அடுக்கினோமா, தானா அமைஞ்சதாங்கிற கணக்கெல்லாம் அதுக்குத் தெரியாது. கப்பல்காரங்க இதனால ரொம்ப அவதிப்பட்டாங்க. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில அடிச்ச செப்புத் தகடு கடல்தண்ணியில கரைஞ்சுகிட்டே இருந்தது. 1824-ல ஹம்ஃப்ரி டேவி ஒரு வழி சொன்னார். செம்போட துத்தநாகத்தையோ இரும்பையோ சேர்த்து வையுங்க, அது கரையும், செம்பு பிழைச்சுக்கும்னார். செம்பு பிழைச்சது. ஆனா செம்பு கரைஞ்சு வர்ற விஷம் நின்னதும் சிப்பியும் பாசியும் அடியில அப்பிக்கிச்சு, கப்பல் வேகம் குறைஞ்சு திட்டமே கைவிடப்பட்டது. அந்த யோசனை மட்டும் சாகல. இன்னிக்கும் இரும்புப் படகுகளின் அடியில் ஜிங்க் கட்டி மாட்டுறது அதேதான்.

சரி, லேப்டாப்புக்கு வருவோம். 1859-ல பிளாந்தே செஞ்ச ஈய-அமில பேட்டரியைத் திருப்பித் திருப்பி சார்ஜ் பண்ணலாம். நம்ம இன்வெர்ட்டர் பேட்டரியோட பாட்டன். அதுலயும் தண்ணி உண்டு, அதனால ஒரு செல்லுக்கு 2 வோல்ட் பக்கம்தான். அதுக்கு மேல ஏத்தினா தண்ணியே ஹைட்ரஜன், ஆக்சிஜன்னு பிரிய ஆரம்பிச்சிடும். 1991-ல சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயன் செல் 4 வோல்ட் வரைக்கும் போச்சுன்னா, காரணம் உள்ள தண்ணியே கிடையாது. ஒரு சொட்டு ஈரம் உள்ளே போனாலும் அதுல இருக்கிற லித்தியம் உப்பு சிதைஞ்சு ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமா மாறும். உப்புத்தண்ணியில பிறந்த குழந்தை, 191 வருஷத்துல தண்ணியே ஆகாத பிள்ளையா மாறிடுச்சு.

இந்தப் பிள்ளை கோவக்காரப் பிள்ளையும்கூட. அதனாலதான் ஒவ்வொரு லேப்டாப் பேட்டரிக்குள்ளயும் ஒரு குட்டிக் காவல்காரன், ஒரு சின்ன சர்க்யூட் போர்டு இருக்கு. 1990-களின் நடுவுல இன்டெலும் டியூராசெல்லும் சேர்ந்து 'ஸ்மார்ட் பேட்டரி'ன்னு ஒரு முறையை வகுத்தாங்க. பேட்டரி தன்னோட வோல்டேஜ், சூடு எல்லாத்தையும் ரெண்டு மெல்லிய ஊசிக்கால் வழியா லேப்டாப்புக்குச் சொல்லும். பதில் சரியில்லைன்னா லேப்டாப் சார்ஜ் கொடுக்காது. நிலைமை ரொம்ப மோசம்னு தெரிஞ்சா காவல்காரன் தானே ஒரு ஃபியூஸை எரிச்சிட்டு நிரந்தரமா கதவைச் சாத்திடுவான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துல 95 செ.மீ. மழை கொட்டி, தூத்துக்குடி மாவட்டமே மிதந்தது. எனக்குத் தெரிஞ்ச ஒரு பையனோட லேப்டாப்பும் அதுல நனைஞ்சது. காலேஜ் ப்ராஜெக்ட் முழுக்க அதுலதான். காய வச்சதும் சார்ஜர்ல ஓடுது, பேட்டரி மட்டும் 'ப்ளக்டு இன், நாட் சார்ஜிங்'. ஒரு கடையில, "செல்லுக்கு நேரா ஒயரைக் கொடுத்து எழுப்பிடலாம் தம்பி"ன்னாங்களாம். எழுப்பிட்டு, அதை அப்பா, அம்மா, தங்கச்சி படுக்கிற அதே ரூம்ல ராத்திரி சார்ஜ் போடணும்! வேண்டவே வேண்டாம்னு சொன்னேன்.

ஏன்னா, அந்தப் பேட்டரி 'மாட்டேன்'னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. தண்ணியில கசிஞ்சு கசிஞ்சு செல் வோல்டேஜ் ரொம்பக் கீழே இறங்கிட்டா உள்ளே இருக்கிற செப்புத் தகடு கரையும். மறுபடி சார்ஜ் ஏத்தினா அந்தச் செம்பு வேண்டாத இடத்துல படிஞ்சு உள்ளுக்குள்ளயே ஷார்ட் ஆகலாம். டேவி பார்த்த அதே செம்பு, இப்ப உங்க மடியில.

பையனுக்குச் சொன்னது இதுதான். சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி கனெக்டரைக் கழட்டச் சொன்னேன். ஈரத்தோட கரண்டும் இருந்தா போர்டுல இருக்கிற ஒவ்வொரு செப்புக் கோடும் வோல்டாவோட தகடுதான். பச்சை, நீலமா பூத்திருந்தா அதான் அடையாளம். அரிசி டப்பாவுல வைக்கிற கதை வேணாம். அரிசி ஈரத்தை வேணா கொஞ்சம் இழுக்கும், உப்பை இழுக்குமா? டிஸ்டில்டு வாட்டர்ல போர்டைக் கழுவி, அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால்ல மெல்லிய பிரஷ்ஷால தேய்ச்சு, நல்லா காயவிட்டாத்தான் உப்பு போகும். கழுவறது போர்டை மட்டும், பேட்டரியை இல்ல. பேட்டரி வெளிப்பார்வைக்குச் சரியா இருந்து, ஊசிக்கால்ல மட்டும் பூஞ்சிருந்தா, சுத்தம் பண்ணி மாட்டினதும் சில சமயம் பேச ஆரம்பிச்சிடும். உப்பியிருந்தாலோ, இனிப்பா ஒரு கெமிக்கல் வாசனை வந்தாலோ, மேல எந்தச் சோதனையும் கிடையாது. வேற பேட்டரிதான்.

அவனோடது உப்பியிருந்தது. ப்ராஜெக்ட் ஹார்ட் டிஸ்க்ல பத்திரமா இருந்ததால, பேட்டரி இல்லாமலே சார்ஜர்ல ஓட்டி எல்லாத்தையும் காப்பி எடுத்துக்கிட்டான்.

நம்ம பக்கத்துல இதையெல்லாம் ஆராயவே ஒரு இடம் இருக்கு. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்துலயும் பணத்துலயும் 1948-ல நேரு அடிக்கல் நாட்ட, 1953-ல திறக்கப்பட்ட காரைக்குடி 'செக்ரி', மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சிக்கூடம். பேட்டரி, துரு ரெண்டும் அங்கே ஒரே கூரைக்குக் கீழே. துரு ஆராய்ச்சிக்கு மண்டபத்துலயும் தூத்துக்குடியிலயும் கடலோரக் கிளை வச்சிருக்காங்க. இடம் தேர்ந்தெடுத்தவங்களுக்கு நம்ம ஊர்க் காத்தைப் பத்தி நல்லாத் தெரிஞ்சிருக்கு ;-)

உப்பின பேட்டரியைக் குப்பைத் தொட்டியில போடாதீங்க. மண்சட்டியில மணல் போட்டு, அதுமேல வச்சு, வீட்டுக்கு வெளிய நிழல்ல வைங்க. 2022 பேட்டரிக் கழிவு விதிகளின்படி, பழசைத் திரும்பச் சேகரிக்கிற பொறுப்பு தயாரிக்கிற கம்பெனிக்கு இருக்கு. புதுசு வாங்கும்போதே கேட்டு வாங்குங்க.